பெட்ரோல் டேங்கை இறக்குவதற்கு முன்: பழைய செவர்லே பிக்கப்பில் பம்ப் வயரிங்கைச் சோதிக்கும் முறை

செல்ஃப் மோட்டார் சுறுசுறுப்பாகச் சுற்றியும் இன்ஜின் பற்றிக்கொள்ளாத வண்டியில், சாவியைத் திருப்பியதும் பின்பக்கமிருந்து வரவேண்டிய மெல்லிய ரீங்காரம் வரவில்லை என்றால், பெட்ரோல் பம்ப் போய்விட்டது என்று பலரும் உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு சில நேரம் சரியாகவும் இருக்கும். ஆனால் 1988 முதல் 1995 வரை வந்த செவர்லே சி 1500, கே 1500 வகை பிக்கப்களில் பம்ப் டேங்குக்குள்ளே மூழ்கியிருக்கிறது. டேங்கோ ஓட்டுநர் பக்கச் சட்டத்தின் (சேஸியின்; அமெரிக்க வண்டி என்பதால் ஓட்டுநர் பக்கம் என்பது இடப்பக்கம்) உட்புறத்தில் பட்டைகளால் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கிறது. நீண்ட பெட்டி கொண்ட வண்டியில் அது 34 அமெரிக்க காலன் கொள்ளும்; நிரம்பியிருந்தால் பெட்ரோல் மட்டுமே 90 கிலோவுக்கு மேல் எடை வரும். இவ்வளவையும் இறக்கி, புதிய பம்பைப் பொருத்தி, மறுபடியும் ஏற்றிக் கட்டிய பிறகு அந்தப் புதிய பம்பும் ஓடவில்லை என்பதைக் கண்டு, கடைசியில் சட்டத்தில் துருப்பிடித்திருந்த ஒரே ஒரு எர்த் திருகுதான் குற்றவாளி என்று தெரிந்துகொள்பவர்கள் குறைவல்ல. வயரிங்கைச் சோதிக்க அரை மணி நேரம் போதும் என்பதால் அந்த வேலையை முதலில் செய்துவிடுவது நல்லது.

இங்கே சொல்லப்படுபவை 5.7 லிட்டர் வி8 இன்ஜினும், த்ராட்டில் பாடியின் மேலேயே இரண்டு இன்ஜெக்டர்கள் அமர்ந்திருக்கும் டிபிஐ அமைப்பும் கொண்ட வண்டிக்குப் பொருந்தும். அதே அடித்தளத்தில் வந்த ஜிஎம்சி சியரா வண்டிக்கும் முறை இதுவே. 1996இல் வந்த வோர்டெக் இன்ஜினின் பெட்ரோல் அமைப்பு மிக உயர்ந்த அழுத்தத்தில் இயங்குவது. அதன் அளவுகளை இங்கே உள்ளவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கம்பிகளின் நிறங்களும் பொருள்களின் இடமும் ஆண்டுக்கு ஆண்டு சிறிது மாறியிருப்பதால், கையில் உள்ள வண்டியின் ஆண்டுக்குரிய சுற்று வரைபடத்தை அருகில் வைத்துக்கொள்வது அவசியம்.

மின்சாரம் போகும் வழி

பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் இருக்கும் ஆரஞ்சு நிறக் கம்பி ஒன்று ஃபியூஸைக் கடந்து, பயணி பக்கம் இன்ஜின் அறையின் பின்சுவரில் உள்ள பெட்ரோல் பம்ப் ரிலேக்கு வருகிறது. ரிலே என்பது சிறு மின்சாரத்தால் இயங்கி, பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச். அதை இயக்குவது இன்ஜினின் கணினி. கணினி அடர்பச்சையில் வெள்ளைக் கோடு போட்ட கம்பி வழியாக 12 வோல்ட் அனுப்பும்போது ரிலே இழுத்துக்கொள்கிறது. அப்போது ஆரஞ்சுக் கம்பியின் மின்சாரம் சாம்பல் நிறக் கம்பிக்குத் தாண்டி, இடப்பக்கச் சட்டத்தின் ஓரமாகவே பின்னோக்கி ஓடி, டேங்கின் மேலுள்ள கனெக்டரை அடைகிறது. அந்தக் கனெக்டரில் பொதுவாக மூன்று கம்பிகள் இருக்கும்: பம்புக்கான சாம்பல், பெட்ரோல் அளவுமானிக்கான ஊதா, எர்த்துக்கான கறுப்பு. கறுப்புக் கம்பி அருகிலேயே சட்டத்தில் திருகப்பட்டிருக்கும்.

சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் கணினி ரிலேயை 2 விநாடிகள் மட்டும் இயக்கி, அழுத்தத்தை ஏற்றிவிட்டு நிறுத்திவிடும். அதன் பிறகு டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து (தீப்பொறியைப் பிளக்குகளுக்குப் பகிர்ந்தளிக்கும் பாகம்) இன்ஜின் சுற்றுவதற்கான துடிப்பு வந்தால்தான் மறுபடியும் பம்பை ஓடவிடும். இதோடு ஒரு மாற்று வழியும் உண்டு. இன்ஜின் ஆயில் அழுத்தம் ஏறத்தாழ 4 பிஎஸ்ஐ தாண்டியதும் மூடிக்கொள்ளும் ஆயில் அழுத்த ஸ்விட்ச், ரிலேக்கு இணையாக நின்று பம்புக்கு மின்சாரம் கொடுக்கும். காலையில் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடித்தால்தான் பற்றிக்கொள்ளும், பற்றிய பிறகு எந்தக் குறையும் இல்லாமல் ஓடும் என்று ஒரு வண்டியைப் பற்றிக் கேள்விப்பட்டால், முதலில் ரிலேயையும் அதன் கம்பிகளையும் சந்தேகிக்க வேண்டும். அந்த வண்டி மாற்று வழியில்தான் பிழைத்துக்கொண்டிருக்கிறது. இதற்கு நேர்மாறாக, சாவியை எடுத்த பிறகும் பம்ப் ஓடிக்கொண்டே இருந்து இரவோடு பேட்டரி இறங்கிவிடுமானால், ஆயில் அழுத்த ஸ்விட்சோ ரிலேயோ மூடிய நிலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மீட்டரை எடுப்பதற்கு முன்

முதலில் தீப்பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள பிக்கப் காயிலோ (இன்ஜின் சுற்றுவதை உணரும் சுருள்) இக்னிஷன் மாட்யூலோ கெட்டால் தீப்பொறியும் நின்றுவிடும். கணினிக்குத் துடிப்பு போகாததால் பம்பும் 2 விநாடிக்கு மேல் ஓடாது. அப்போது பெட்ரோல் பக்கம் எவ்வளவு தேடினாலும் ஒன்றும் கிடைக்காது. தீப்பொறி இருக்கிறது என்றால் ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றிவிட்டு, வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி, சற்று விலகி நின்று இன்ஜெக்டர்களைப் பார்க்கலாம். கூம்பு வடிவில் பெட்ரோல் தூவப்பட்டால் பம்பின் வயரிங் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. ஒரு துளியும் வராவிட்டால், சாவியை 10 விநாடிகளுக்கு மேல் அணைத்து வைத்து, பிறகு ஆன் செய்து, டேங்கின் அருகே காது கொடுத்துக் கேட்க வேண்டும். இந்த இடைவெளி இல்லாமல் சாவியை மாற்றி மாற்றித் திருப்பினால் கணினி அந்த 2 விநாடி ஓட்டத்தைத் தராமல் போகலாம். அதைக் கோளாறு என்று தவறாக எண்ணிக்கொள்ளவும் நேரிடும்.

அளவுமானியின் முள்ளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வண்டிகளில் டேங்க் காலியாக இருக்கும்போது அளவுமானிச் சுற்றின் மின்தடை ஏறத்தாழ 0 ஓம், நிரம்பியிருக்கும்போது 90 ஓம். பம்பும் அளவுமானியும் பெரும்பாலும் ஒரே கறுப்புக் கம்பியின் எர்த்தைப் பகிர்ந்துகொள்வதால், எர்த் கெட்டு மின்தடை கூடினால் பாதி டேங்க் உள்ள வண்டியிலும் முள் நிறைவுக் கோட்டைத் தாண்டி நிற்கும். பம்பும் ஓடாமல் முள்ளும் தாறுமாறாகக் காட்டினால், மற்றதையெல்லாம் விட்டுவிட்டு நேராக எர்த்திடம் போய்விடலாம்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னாலும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேலையைத் திறந்த வெளியில் செய்ய வேண்டும். பெட்ரோல் தீயை அணைக்கக்கூடிய தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வண்டியின் கீழே போவதற்கு ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைக்க வேண்டும். டேங்கின் அருகே எந்த இணைப்பைக் கொடுப்பதாக இருந்தாலும், முதலில் கிளிப்பை மாட்டிவிட்டு, மின்சாரத்தை முன்பக்கத்திலிருந்து திறக்க வேண்டும். பொறி பறக்கும் கடைசித் தொடுதல் ஒருபோதும் டேங்கின் பக்கத்தில் நடக்கக் கூடாது. பெட்ரோல் கசியும் வாசனை இருந்தால் மின்சோதனை எதையும் தொடங்காதீர்கள்.

கருவிகள் அதிகம் வேண்டாம். ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லைட், நடுவே 10 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த ஜம்பர் கம்பி, மூன்று மீட்டர் கம்பி சேர்த்த ஒரு பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பு ஆகியவை போதும். பல்பு எதற்கு என்பது பின்னால் தெரியும்.

ரிலேயின் இடத்தில்

ஃபியூஸைக் கண்ணால் பார்த்து விட்டுவிடாமல், அதன் இரு முனைகளிலும் டெஸ்ட் லைட்டை வைத்துப் பாருங்கள். மயிரிழை போன்ற வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. ஃபியூஸ் எரிந்திருந்தால் புதியதை மாட்டிப் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் அதுவும் எரிந்தால் அதைவிடப் பெரிய ஃபியூஸை மாட்டுவது வண்டியை எரிப்பதற்கான வழி. சாம்பல் நிறக் கம்பி எங்கோ சட்டத்தில் உரசிக்கொண்டிருக்கிறது, அல்லது பம்பு இறுகி நின்றுவிட்டது என்பதே அதன் பொருள்.

அடுத்து ரிலேயைக் கழற்றி, அதன் கனெக்டரில் ஆரஞ்சுக் கம்பியின் முனையில் டெஸ்ட் லைட்டை வைக்க வேண்டும். சாவி எந்த நிலையில் இருந்தாலும் விளக்கு முழு ஒளியோடு எரிய வேண்டும். எரிந்தால், அடர்பச்சை-வெள்ளைக் கம்பிக்கும் ரிலேயின் எர்த் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்து, உதவியாளரைச் சாவியை ஆன் செய்யச் சொல்லுங்கள். 2 விநாடிகளுக்கு ஏறத்தாழ பேட்டரி அளவு வோல்ட் தோன்றி மறைய வேண்டும். தோன்றவே இல்லையென்றால் மீட்டரின் ஒரு முனையை ரிலேயின் எர்த்திலிருந்து எடுத்து பேட்டரியின் நெகட்டிவில் வைத்து மறுபடி பார்க்கவும். இப்போது தோன்றினால் ரிலேயின் எர்த் கெட்டிருக்கிறது. இப்போதும் தோன்றாவிட்டால் கணினி கட்டளை தரவில்லை, அல்லது அந்தக் கம்பி நடுவே அறுந்திருக்கிறது.

ரிலே 'டிக்' என்று ஒலிப்பது அதன் காயில் வேலை செய்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. தொடுமுனைகள் கருகிப் போயிருந்தாலும் அந்த ஒலி அப்படியே கேட்கும். நல்ல ரிலே ஒன்றை மாட்டிப் பார்ப்பதே விரைவான வழி.

பின்சுவரில் ரிலேயின் அருகே எதனோடும் இணைக்கப்படாமல் தனியாகத் தொங்கும் ஒற்றைச் சிவப்புக் கம்பியைப் பார்த்துப் பலர் குழம்புவதுண்டு. அது சோதனைக்காகவே விடப்பட்ட முனை. ஃபியூஸ் வைத்த ஜம்பரால் அதற்கு பேட்டரி பாசிட்டிவைக் கொடுத்தால் சாவி இல்லாமலேயே பம்ப் ஓட வேண்டும். இதைச் செய்யும்போது ரிலே அதன் இடத்தில் மாட்டப்பட்டிருக்க வேண்டும், சாவி அணைந்திருக்க வேண்டும். அந்த முனையின் மின்சாரம் ரிலேயின் ஓய்வு நிலைத் தொடுமுனை வழியாகத்தான் பம்புக்குப் போகிறது.

எத்தனை ஆம்பியர்?

பலரும் தவறவிடும் சோதனை இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். ரிலேயைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவுக்கு மாற்றி, அதன் இரு முனைகளையும் ரிலே கனெக்டரின் ஆரஞ்சு, சாம்பல் முனைகளுக்கு இடையே, ஃபியூஸ் வைத்த ஜம்பரோடு தொடராக இணைக்க வேண்டும். ரிலேயின் வேலையை இப்போது மீட்டர் செய்கிறது. பம்ப் ஓடும், அது இழுக்கும் மின்னோட்டமும் தெரியும். இந்த அமைப்பின் குறைந்த அழுத்தப் பம்பு நல்ல நிலையில் சுமார் 3 முதல் 5 ஆம்பியர் வரை இழுக்கும்.

மீட்டர் 0 காட்டினால் வழியில் எங்கோ முற்றிலும் அறுந்திருக்கிறது: சாம்பல் கம்பியாக இருக்கலாம், எர்த்தாக இருக்கலாம், பம்பின் கார்பன் பிரஷ் தேய்ந்ததாகவும் இருக்கலாம். பிரஷ் என்று சந்தேகம் வந்தால், மீட்டர் இணைப்பில் இருக்கும்போதே டேங்கின் அடியை ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டச் சொல்லுங்கள். உடனே ஓடத் தொடங்கினால் வயரிங் நிரபராதி. ஒரு ஆம்பியருக்கும் குறைவாகக் காட்டி, பம்ப் முனகினால் எங்கோ மின்தடை கூடியிருக்கிறது. 8 ஆம்பியரைத் தாண்டினால் பம்ப் இறுகியிருக்கிறது, அல்லது ஃபில்டர் அடைத்து அது மூச்சுத் திணறுகிறது.

டேங்கின் அருகே

கனெக்டர் டேங்குக்கும் சட்டத்துக்கும் இடையே கையை நுழைத்தால் சில வண்டிகளில் எட்டும். எட்டாவிட்டால் டேங்கை இறக்குவதைவிட, பின்பெட்டியின் போல்ட்டுகளைக் கழற்றி அதை ஒரு பக்கம் தூக்கிச் சாய்த்து முட்டுக்கொடுப்பது எளிது. துருப்பிடித்த போல்ட்டுகள் இருக்கும் வண்டியில் இதுவும் எளிதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மிச்சிகன், ஒஹாயோ போன்ற மாநிலங்களில் ஓடிய வண்டியானால் முந்தைய நாளே துரு நீக்கும் எண்ணெயை ஊற்றி வைத்துவிட வேண்டும்.

இங்கேதான் மல்டிமீட்டர் மனிதரை ஏமாற்றுகிறது. கனெக்டரைப் பிரித்து, சாம்பல் கம்பியில் மீட்டரை வைத்து 12.6 வோல்ட் பார்த்தவர், 'மின்சாரம் நன்றாக வருகிறது, பம்பே போய்விட்டது' என்று எழுந்து போய்விடுகிறார். ஆனால் சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உட்தடை 10 மெகா ஓம் அளவில் இருப்பதால் அது வயரிலிருந்து ஏறக்குறைய எதையும் இழுப்பதில்லை. நடுவே பச்சை பூத்துப்போன ஒரு இணைப்பு ஆயிரம் ஓம் தடையோடு நின்றாலும் மீட்டர் முழு 12.6 வோல்ட்டையே காட்டும். அதே இணைப்பில் வெறும் அரை ஓம் தடை இருந்தாலும், 4 ஆம்பியர் ஓடும்போது 2 வோல்ட் அங்கேயே வீணாகிவிடும். ஓம் மீட்டரால் அளந்து நிம்மதி அடைவதும் இதே தவறுதான். பத்தொன்பது இழைகளில் ஒன்று மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் கம்பியும் ஓம் மீட்டருக்கு நல்ல கம்பியாகவே தெரியும்.

அதனால்தான் ஹெட்லைட் பல்பு. 55 வாட் பல்பு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 4.6 ஆம்பியர் இழுக்கிறது. பம்பு இழுப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவே. டேங்க் கனெக்டரைப் பிரித்து, வண்டியின் கம்பிப் பக்கத்தில் சாம்பல், கறுப்பு முனைகளுக்கு இடையே நீண்ட கம்பிகளால் பல்பை மாட்டி, பல்பை மட்டும் டேங்கிலிருந்து நன்றாக விலக்கித் தரையில் வைக்க வேண்டும். ஹாலஜன் பல்பின் கண்ணாடி பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடாகும் என்பதை மறந்துவிட வேண்டாம். பிறகு முன்னே போய் ஜம்பரால் மின்சாரம் கொடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் வயரிங் நல்லது, பம்புதான் கோளாறு. மங்கலாக எரிந்தால் வயரிங்கில் தடை இருக்கிறது.

தடை பாசிட்டிவ் பக்கமா, எர்த் பக்கமா என்று பிரித்தறிய, பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே மீட்டரின் சிவப்பு முனையை பேட்டரியின் பாசிட்டிவிலும், கறுப்பு முனையைக் கனெக்டரின் சாம்பல் கம்பியிலும் வையுங்கள்; மீட்டரின் கம்பி எட்டாவிட்டால் வேறொரு கம்பியைச் சேர்த்து நீட்டிக்கொள்ளலாம். மீட்டர் காட்டும் வோல்ட்டே வழியில் தொலைந்தது. இவ்வளவு நீளமான பழைய சுற்றில் 0.5 வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம். அடுத்து கனெக்டரின் கறுப்புக் கம்பிக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே அளக்க வேண்டும், அது 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. எந்தப் பக்கம் அதிகம் தொலைகிறதோ அந்தப் பக்கத்திலேயே கனெக்டர் கனெக்டராக மீட்டரை நகர்த்திக்கொண்டே போனால், ஓரிடத்தைத் தாண்டியதும் அளவு சட்டென்று குதிக்கும். அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவேதான் நோய் இருக்கிறது.

கம்பியை ஊசியால் குத்திச் சோதிக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்தத் துளை வழியாக உப்பு நீர் புகுந்து, அடுத்த குளிர்காலத்தில் அதே இடத்தில் செம்பு பச்சைப் பொடியாகிவிடும். கனெக்டரின் பின்புறமிருந்து மெல்லிய முனையை நுழைத்து அளப்பதே முறை.

எங்கே கெட்டிருக்கும்?

முதல் சந்தேகம் எர்த் திருகு. அடுத்தது டேங்கின் மேலுள்ள கனெக்டர்: முன்பு யாரோ மலிவான பம்பு போட்டு அது அதிகமாக இழுத்திருந்தால், சாம்பல் கம்பியின் டெர்மினல் கருகி பிளாஸ்டிக் உருகியிருக்கும். மூன்றாவது, சட்டத்தின் மேல் கம்பித்தொகுதி வளையும் இடங்கள். பிடிப்புக் கிளிப் உடைந்து போனால் அதிர்வில் கம்பி உலோக ஓரத்தில் உரசித் தோலுரியும். இவற்றைவிட என்னை அதிகம் எரிச்சலூட்டுவது, டிரெய்லர் விளக்குகளுக்கும் திருட்டுத் தடுப்பு ஸ்விட்சுக்கும் என்று முந்தைய உரிமையாளர்கள் கடித்துப் பிடிக்கும் கிளிப்களால் கம்பியின் நடுவே போட்டுவிட்டுப் போகும் இணைப்புகள். வண்டியோடு பிறக்காத எந்த இணைப்பையும் முதலில் சந்தேகிப்பது வீண்போவதில்லை.

அரை மணி நேரம் ஓடியபின் நின்று, ஆறியதும் மறுபடி பற்றிக்கொள்ளும் வண்டியை நின்ற நிலையில் சோதித்துப் பயனில்லை. சாம்பல் கம்பியிலிருந்து ஃபியூஸ் வைத்த ஒரு சிறு கம்பியை ஓட்டுநர் அறைக்குக் கொண்டுவந்து மீட்டரோடு இணைத்து, ஓட்டிப் பார்க்க வேண்டும். எண்களை ஓட்டுபவர் பார்க்காமல் உடன் வருபவர் பார்க்கட்டும். வண்டி நிற்கும் தருணத்தில் 13 வோல்ட்டுக்கு மேல் அப்படியே நின்றால் குறை பம்பிலோ எர்த்திலோ; வோல்ட்டும் சேர்ந்து விழுந்தால் ரிலேயிலோ அதற்கு முன்போ.

பழுதைச் சரிசெய்யும்போது எர்த் திருகைக் கழற்றி, சட்டத்தையும் வளையத்தையும் உலோகம் மின்னும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். கம்பியை ஒட்ட வேண்டியிருந்தால் அதே தடிமனுள்ள கம்பியால் ஒட்டி, உட்புறம் பசையுள்ள சுருங்கு குழாயால் மூடுங்கள். டேங்குக்கு உள்ளே உள்ள சிறு கம்பிகளுக்கு மட்டும் பெட்ரோலில் ஊறுவதற்கென்றே தயாரித்த கம்பியைத்தான் போட வேண்டும். சாதாரண வயரின் உறை பெட்ரோலில் ஊறிச் சிதைந்துவிடும்.

எல்லாம் முடிந்ததும் பெட்ரோல் அழுத்தத்தை அளந்தால் 9 முதல் 13 பிஎஸ்ஐக்குள் இருக்க வேண்டும். மின்சாரம் முழுதாகப் போயும் அழுத்தம் குறைந்தால் ஃபில்டர், பம்ப், அழுத்தச் சீராக்கி என்று தேடல் வேறு பக்கம் திரும்பும். கடைசியாக ரிலேயைக் கழற்றிவிட்டு ஒருமுறை செல்ஃப் அடித்துப் பாருங்கள். சில விநாடிகள் கூடுதலாக எடுத்துக்கொண்டு இன்ஜின் பற்றினால் ஆயில் அழுத்த ஸ்விட்சின் மாற்று வழியும் நன்றாக இருக்கிறது; பற்றாவிட்டால் அந்த ஸ்விட்சையும் மாற்றிவிட்டு, ரிலேயைத் திரும்ப மாட்டிவிடலாம்.